வேலூர் வெயிலில் ஓவர்கிளாக்: டவர் கூலரா, லிக்விட் கூலரா?

காட்பாடியில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர், ஆம்பூரில் கல்யாண வீடியோ எடிட் செய்பவர், குடியாத்தத்தில் வீட்டு வரைபடம் போட்டு ரெண்டர் எடுப்பவர் என்று யார் கேட்டாலும் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது. "ஓவர்கிளாக் பண்ணக்கூடிய பிராசஸர் வாங்கியாச்சு. காற்றில் குளிரும் டவர் கூலர் போதுமா, இல்லை ரேடியேட்டர் வைத்த லிக்விட் கூலர்தான் போடணுமா?" ஓவர்கிளாக் என்பது பிராசஸரை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது; ரேடியேட்டர் என்பது திரவத்தின் சூட்டைக் காற்றில் இறக்கும் தகட்டுச் சட்டம்.

சோதனை வீடியோக்களைப் பார்த்து முடிவெடுக்கலாம்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 20 முதல் 25 டிகிரி அறையில் எடுத்தவை. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில், பகலெல்லாம் காய்ந்த தளம் இரவு வரை சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். சத்துவாச்சாரியிலோ தொரப்பாடியிலோ அப்படி ஓர் அறையில் இருப்பவருக்கு அந்த வீடியோவின் எண்கள் அப்படியே பொருந்தாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே கூலரைப் பார்ப்பதற்கு முன்னால் அறையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு, தகட்டு அடுக்கு இரண்டு உள்ள நல்ல இரட்டை டவர் கூலரே போதும். 360 மி.மீ. ரேடியேட்டருக்குக் கொடுக்கும் பணம் சிலருக்குத்தான் தகும். ஆனால் அந்தச் சிலருக்கு அது உண்மையிலேயே தேவை.

## எதை வைத்து முடிவெடுப்பது

### அறையின் சூடு

டவர் கூலரும் சரி, லிக்விட் கூலரும் சரி, பிராசஸரின் சூட்டைக் கடைசியில் அறைக் காற்றில்தான் கொண்டுபோய்க் கொட்டுகின்றன. தண்ணீர் ஓடுகிறது என்பதற்காக லிக்விட் கூலர் அறையைவிடக் குளிராகிவிடாது. அதனால் ஒரு கூலரின் திறமையை "அறையைவிட எத்தனை டிகிரி மேலே நிறுத்துகிறது" என்றுதான் அளக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஏதோ ஒரு கூலர், முழு வேலையில் பிராசஸரை அறையைவிட 60 டிகிரி மேலே நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 22 டிகிரி அறையில் அது 82 டிகிரி; கவலையே இல்லை. அதே கூலர், அதே வேலை, 38 டிகிரி அறையில் 98. இன்டெல் கோர் ஐ9 14900கே-வின் உச்ச வரம்பு 100 டிகிரி. ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் 95. ரைசன் 7 7800எக்ஸ்3டி 89. வரம்பைத் தொட்டதும் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது, ஓவர்கிளாக் செய்து கூட்டிய வேகம் மே மாத மதியத்தில் தானாகவே காணாமல் போய்விடும். இதில் கேபினட்டுக்குள் கிராபிக்ஸ் கார்டு கிளப்பும் சூட்டை இன்னும் சேர்க்கவில்லை.

ஆகவே முதல் செலவு சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். கேபினட் காற்றை உள்ளே இழுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்து, நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் நேரத்தில் பாருங்கள். அந்த எண் தெரியாமல் மற்ற எதைப் பேசினாலும் ஊகம்தான்.

### எத்தனை வாட், எவ்வளவு நேரம்

பிராசஸர் இழுக்கும் மின்சாரம், வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் இருமடியோடும் ஏறும். வேகத்தை 5 சதவீதம் கூட்ட வோல்டேஜை 10 சதவீதம் ஏற்ற வேண்டியிருந்தால், சூடு ஏறக்குறைய 27 சதவீதம் கூடும். 200 வாட்டில் ஓடியது 254 வாட் ஆகிவிடும். ஓவர்கிளாக்கில் கடைசி இரண்டு மூன்று சதவீதத்துக்குத்தான் அதிக விலை கொடுக்கிறோம் என்பது இதனால்தான்.

ஓவர்கிளாக் செய்யாமலேயே கோர் ஐ5 14600கே 181 வாட் வரை போகும், 14900கே 253 வாட் வரை. ரைசன் 9 7950எக்ஸ் 230 வாட் வரை. ரைசன் 5 7600எக்ஸ் 142 வாட்டோடு நின்றுவிடும். ஆனால் இவையெல்லாம் எல்லா கோர்களும் (பிராசஸருக்குள் இருக்கும் தனித்தனிக் கணக்குப் பகுதிகள்) முழு வேலையில் இருக்கும்போது வரும் எண்கள். கேம் விளையாடும்போது அந்த அளவுக்குப் பக்கத்தில்கூடப் பெரும்பாலும் போகாது. நான்கு மணி நேரம் ரெண்டர் ஓடவிடுபவருக்கும் இரவில் இரண்டு மணி நேரம் கேம் ஆடுபவருக்கும் ஒரே கூலரைச் சொல்வது தவறு.

இன்னொரு விஷயம். ரைசன் 7000, 9000 வரிசைகளில் சூடு பிறக்கும் சில்லு மிகச் சிறியது. அவ்வளவு சிறிய இடத்திலிருந்து சூட்டை மேலே எடுப்பதே பெரும்பாடு. அதனால் அங்கே பெரிய ரேடியேட்டர் போட்டாலும் எதிர்பார்த்த அளவு இறங்காது. 7950எக்ஸ் முழு வேலையில் 95 டிகிரியை நோக்கிப் போகும்படியே வடிவமைக்கப்பட்டது. அங்கே 95-ஐப் பார்த்து யாரும் பதறத் தேவையில்லை. 7800எக்ஸ்3டி-யில் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கி எண் பூட்டப்பட்டிருப்பதால் வழக்கமான ஓவர்கிளாக்குக்கே இடமில்லை. அதற்கு 360 ரேடியேட்டர் வாங்குவது பணத்தை வீணாக்குவது.

### மற்றவை

கேபினட்டில் இடம், தூசி, ஊர் விட்டு ஊர் தூக்கிப் போவது, பழுதானால் எத்தனை நாள் கணினி இல்லாமல் இருக்க முடியும் என்பவற்றையும் பார்க்க வேண்டும். சத்தத்தை நான் இந்த வரிசையில் கடைசியில்தான் வைப்பேன். இங்கே வருடத்தில் பாதி நாள் தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். கூலரின் சத்தம் அதற்குள் அடங்கிவிடும்.

## டவர் கூலர்

செம்புக் குழாய்களும் அலுமினியத் தகடுகளும் ஒன்றிரண்டு ஃபேன்களும் சேர்ந்ததுதான் டவர். அந்த வெப்பக் குழாய்களுக்குள்ளும் மிகக் கொஞ்சம் திரவம் இருக்கிறது. சூடான முனையில் அது ஆவியாகி, தகடுகள் இருக்கும் முனையில் குளிர்ந்து, உட்சுவரில் இருக்கும் நுண்துளைப் பூச்சு வழியாகத் திரும்பி வருகிறது. இதற்கு மோட்டார் தேவையில்லை. ஃபேனைத் தவிர அசையும் பாகம் எதுவும் இல்லை; பழுதாகக்கூடியதும் அந்த ஃபேன் மட்டும்தான். போனால் உள்ளூர்க் கடையில் 120 மி.மீ. ஃபேன் ஒன்று வாங்கி அன்று சாயங்காலமே மாட்டிவிடலாம். அதுவரைக்கும்கூட, இரண்டு ஃபேன் உள்ள டவரில் ஒன்று நின்றால் சூடு ஏறுமே தவிர, வேலை நிற்காது.

டீப்கூல் ஏகே400 போன்ற ஒற்றை டவர் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ, டீப்கூல் ஏகே620 போன்ற இரட்டை டவர்களுக்கு அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகும். நோக்டுவா என்எச்-டி15 பத்தாயிரத்தை ஒட்டி வரும். 2014-இல் வந்த அந்த டி15 இன்னும் மேல்தட்டில் நிற்கிறது. பிராசஸரைப் பொருத்தும் சாக்கெட் புதிதாக மாறும்போது பழைய கூலருக்கான மாட்டும் பாகங்களை நோக்டுவா இலவசமாகவே கொடுத்துவந்திருக்கிறது. மூன்று பிராசஸர் மாறினாலும் ஒரே கூலர் தொடரலாம் என்றால், அந்த விலை அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

ஓவர்கிளாக் செய்பவர்கள் பலர் கவனிக்காத ஒரு நன்மையும் டவரில் உண்டு. பிராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் விஆர்எம் பகுதி ஓவர்கிளாக்கில் நன்றாகச் சூடாகும். டவரின் ஃபேன் காற்று அந்தப் பக்கமாகவும் போவதால் அதுவும் கொஞ்சம் குளிரும்.

இனி குறைகள். டி15 ஃபேனோடு சேர்ந்து 1.3 கிலோ. விடுமுறைக்குக் காட்பாடி ஜங்ஷனில் ரயில் ஏறி ஊருக்குப் போகும் மாணவர், இவ்வளவு எடையை மதர்போர்டில் தொங்கவிட்டுக்கொண்டு கேபினட்டைத் தூக்கிப் போகக் கூடாது. கூலரைக் கழற்றித் தனியாக எடுத்துப் போக வேண்டும். மாட்டும்போதெல்லாம், பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் புதிதாக ஆகும். உயரமும் முக்கியம். பியர்லெஸ் அசாசின் 155 மி.மீ., டி15 165 மி.மீ., புதிய டி15 ஜி2 168 மி.மீ. கேபினட்டின் விவரத்தில் "சிபியு கூலர் உயரம்" என்ற எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உயரமான ரேம் மேல் ஃபேன் முட்டும் வாய்ப்பும் இருக்கிறது.

கடைசியாக, டவர் கேபினட்டுக்குள் இருக்கும் காற்றைத்தான் இழுக்கும். முன்பக்கம் கண்ணாடியால் மூடிய கேபினட்டில் எவ்வளவு நல்ல டவரும் திணறும். வலைமுகப்பு கேபினட் இல்லையென்றால், கூலருக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியைக் கேபினட்டுக்குத் திருப்புவது நல்லது.

## ஏஐஓ லிக்விட் கூலர்

பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் கம்பெனியிலேயே நிரப்பி மூடிய ஒரே தொகுப்பாக வருவதைத்தான் ஏஐஓ என்கிறார்கள். ரேடியேட்டர் 120, 240, 280, 360 என்ற அளவுகளில் வரும். 120-ஐ ஓவர்கிளாக்குக்கு எண்ணவே வேண்டாம். 240-க்கும் நல்ல இரட்டை டவருக்கும் உள்ள வித்தியாசம், கூடுதல் விலைக்கும் கூடுதல் தொல்லைக்கும் ஈடாவதில்லை. கேபினட்டில் டவரின் உயரத்துக்கு இடமே இல்லை என்றால் மட்டும் 240 பக்கம் போகலாம். 200 வாட்டைத் தாண்டி நீண்ட நேரம் ஓடும் வேலைக்கு 360-தான் வித்தியாசம் காட்டும். அங்கே டவர் மூச்சு வாங்கும்போது இது நிதானமாக இருக்கும்.

தண்ணீர் சூடேறுவது மெல்லத்தான். பெரிய தவலையை அடுப்பில் வைத்த மாதிரி. அதனால் குறுகிய நேர வேலைகளில் லிக்விட் கூலர் மிக நன்றாகத் தெரியும். ஐந்து நிமிடச் சோதனை முடிந்து எல்லாரும் வியந்துகொண்டிருக்கும்போது, உள்ளே திரவம் இன்னும் சூடேறிக்கொண்டுதான் இருக்கும். எந்த ஏஐஓ-வையும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டிப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

நம் ஊருக்கென்று சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. ஏஐஓ-க்களில் திரவத்தின் சூடு 60 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. பம்ப்புக்கும் ரப்பர் குழாய்க்கும் அதற்குமேல் நல்லதல்ல. 22 டிகிரி அறையில் திரவம் 15, 20 டிகிரி ஏறினாலும் 42-இல் நிற்கும். 40 டிகிரி அறையில் அதே ஏற்றம் 55, 60-க்குக் கொண்டுபோய்விடும். போதாததற்கு, குழாய்ச் சுவர் வழியாகத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறுவது எல்லா ஏஐஓ-விலும் நடக்கும். சூடு கூடக் கூட அதுவும் கூடும். திரவம் குறைந்தால் உள்ளே காற்றுக் குமிழி சேரும். குமிழி பம்ப்புக்குப் போனால் சத்தம், பிறகு பழுது. பங்குனியில் தொடங்கி ஆனி வரை வாட்டும் ஊரில் ஏசி இல்லாத அறையில் ஏஐஓ வைப்பவர்கள், திரவத்தின் சூட்டைக் காட்டும் மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

மாட்டும் விதமும் ஆயுளைத் தீர்மானிக்கும். ரேடியேட்டர் கேபினட்டின் மேல்பக்கம் இருப்பது நல்லது. முன்பக்கம்தான் இடம் என்றால், ரேடியேட்டரின் மேல் முனை பம்ப்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் குமிழி அங்கேயே தங்கும். பம்ப் உயரத்திலும் ரேடியேட்டர் அடியிலும் இருப்பதுபோல் மாட்டவே கூடாது.

பம்ப் நின்றால் பிராசஸர் சீக்கிரமே வரம்பைத் தொட்டு வேகத்தைக் குறைக்கும், அல்லது கணினியே அணைந்துவிடும். தனிப் பாகமாக மாற்ற முடியாது. முழுத் தொகுப்பையும் வாரண்டிக்கு அனுப்ப வேண்டும். கூரியர் போய், பரிசோதனை முடிந்து, மாற்று வருவதற்குள் வாரங்கள் ஓடலாம். ஆர்டர் எடுத்துத் தொழில் செய்பவருக்கு ரூபாய்க் கணக்கைவிட இது பெரிய நஷ்டம். ஏஐஓ வாங்கும் தொழில்காரர், பக்கத்தில் ஒரு 2,000 ரூபாய் டவரையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதையும் ஏஐஓ-வின் விலையில் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கசிவு அபூர்வம். ஆனால் கசிந்தால் கீழே இருப்பது கிராபிக்ஸ் கார்டு. கசிவால் கெட்ட மற்ற பாகங்களுக்கும் ஈடு கொடுப்பார்களா என்பதை வாரண்டி வாசகத்தில் தேடிப் படியுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3-க்கு 6 வருட வாரண்டி இருக்கிறது. விஆர்எம்-க்கென்று பம்ப் மேலேயே ஒரு சிறு ஃபேனும் வருகிறது. அப்படி ஃபேன் இல்லாத ஏஐஓ-வில் விஆர்எம் பகுதிக்குக் காற்று போக வேறு வழி செய்தாக வேண்டும்.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்திலோ, காய்ந்த பாலாற்றுப் பக்கத்திலோ வீடு இருந்தால் இரண்டு வகைக்கும் பாதிப்புதான். டவரில் தூசி கண்ணுக்குத் தெரியும். பிரஷ்ஷும் புளோயரும் போதும். ரேடியேட்டரில் ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு போர்வை மாதிரி படிந்திருக்கும். ஃபேனைக் கழற்றினால்தான் தெரியும்.

## கஸ்டம் லூப்

தனித்தனியாகப் பம்ப், குழாய், தொட்டி வாங்கி நீங்களே கட்டுவது இது. ஏஐஓ-வைப்போலப் பல மடங்கு செலவு, வருடா வருடம் திரவம் மாற்றும் வேலை. பார்க்க மிக அழகு. அதற்காகவே ஆசைப்படுபவரைத் தடுக்க மாட்டேன். ஆனால் ஒன்று: வேலூர் போர் தண்ணீரின் உப்பு எவ்வளவு என்பது வீட்டுக் குழாயைப் பார்த்தாலே தெரியும். அதுவும் வேண்டாம், ஆர்ஓ தண்ணீரும் வேண்டாம். லூப்புக்கென்று விற்கும், அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்த திரவத்தை மட்டும் ஊற்றுங்கள். பிராசஸர் மேல் உட்காரும் செம்பு பிளாக்கையும் அலுமினிய ரேடியேட்டரையும் ஒரே லூப்பில் சேர்க்காதீர்கள். ஒன்று மற்றதை அரித்துவிடும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | இரட்டை டவர் | 360 ஏஐஓ |
|---|---|---|
| 150 வாட் வரை | தாராளமாகப் போதும் | தேவையில்லை |
| 200 வாட்டுக்கு மேல், மணிக்கணக்கில் | வெயில் காலத்தில் திணறும் | இதற்காகத்தான் இது |
| 38 டிகிரி அறை | வேகம் குறையும், கூலருக்குக் கேடில்லை | வேகம் தாங்கும், திரவத்தின் சூட்டைக் கண்காணிக்க வேண்டும் |
| பழுதானால் | ஃபேன் மாற்றினால் போதும் | முழுத் தொகுப்பும் போகும் |
| தூக்கிப் போக | கழற்ற வேண்டும் | அப்படியே போகலாம் |
| மறைவான செலவு | காற்றோட்டமுள்ள கேபினட் | மாற்று டவர், கேபினட்டில் மேல் இடம் |

## கூலருக்கு வெளியே இரண்டு வழிகள்

டவரிலிருந்து 360-க்கு மாறினால் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றை இலக்க டிகிரிகள். 38 டிகிரி அறையை ஏசி போட்டு 26-க்குக் கொண்டுவந்தால் ஒரேயடியாக 12 டிகிரி. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 500 வாட் இழுத்தால், சின்ன அறைக்குள் ஒரு ஹீட்டரையே வைத்த கணக்கு. 360 ரேடியேட்டர் அந்தச் சூட்டை அறையைவிட்டு வெளியே அனுப்பாது. கரன்ட் பில்லைப் பார்க்க வேண்டும்தான், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் வீட்டு மின்கட்டணக் கணக்கே மாறிவிடும். ஆனாலும் ஏற்கெனவே ஏசி இருக்கும் அறைக்குக் கணினியை மாற்றுவதற்குச் செலவே இல்லை. அறைக்கு வைக்கும் தண்ணீர் கூலரும் இங்கே காய்ந்த வெயிலில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதன் முகத்தைக் கேபினட் பக்கம் திருப்பாதீர்கள். ஈரமும் உப்பும் உள்ளே போகும்.

இரண்டாவது, வோல்டேஜைக் குறைப்பது. ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பைக் கொண்டு வோல்டேஜை இறக்கினால் அதே சூட்டில் கூடுதல் வேகம் கிடைக்கும். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையில் ஓவர்கிளாக் செய்யக்கூடிய கே வகை வைத்திருப்பவர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். வோல்டேஜ் அளவுக்கு மீறிப் போய்ப் பிராசஸர்கள் நிலைகுலைந்த பிரச்சினைக்கு 2024-இல் இன்டெல் மைக்ரோகோட் (பிராசஸரின் உள் மென்பொருள்) திருத்தம் வெளியிட்டது, வாரண்டியையும் 2 வருடம் நீட்டியது. புதிய பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) போடாமல் அவற்றில் ஓவர்கிளாக் பக்கமே போகாதீர்கள்.

எந்த வழியாக இருந்தாலும் யூபிஎஸ்ஸையும் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமாக வாங்கும் 600 விஏ யூபிஎஸ் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். ஓவர்கிளாக் செய்த கணினி முழு வேலையில் இருக்கும்போது கரன்ட் போனால், அது உடனே கைவிட்டுவிடும்.

## யாருக்கு எது

விடுதி அறையில் ஏசி இல்லாமல் கேம் ஆடுபவர், ஆறு அல்லது எட்டு கோர் பிராசஸர் வைத்திருப்பவர்: பியர்லெஸ் அசாசின் தரத்தில் ஓர் இரட்டை டவர், வலைமுகப்பு கேபினட். மீதிப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள்.

கல்யாண சீசனில் இரவெல்லாம் எக்ஸ்போர்ட் ஓடவிடும் ஸ்டூடியோ, 14900கே அல்லது 7950எக்ஸ், ஏசி அறை: 360 ஏஐஓ, கூடவே அலமாரியில் ஒரு மாற்று டவர். ஏசி இல்லாத ஸ்டூடியோ என்றால், ஓவர்கிளாக்கைக் கைவிட்டு, பிராசஸர் இழுக்கும் மின்சாரத்துக்கான பவர் லிமிட்டை 180 வாட் அளவுக்கு இறக்கி, டி15 போன்ற பெரிய டவரோடு ஓட்டுவதையே நான் சொல்வேன். ரெண்டர் சில நிமிடம் தள்ளி முடியும், ஆனால் நடுவில் நிற்காது.

உள்ளூரில் 360 ரேடியேட்டர் கையிருப்பில் இல்லையென்றால், காட்பாடியில் ரயில் ஏறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய்வர ஒரு நாள் போதும். போகும் முன் கேபினட்டின் மேல்பக்க இடத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ஆர்க்டிக் ரேடியேட்டர் 38 மி.மீ. தடிமன், அதற்குக் கீழே ஃபேன் வேறு. பல கேபினட்டில் மதர்போர்டின் மேல் முட்டும்.

மாட்டி முடித்ததும் மார்கழிக் குளிரில் சோதித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பயாஸில் இரண்டு புரொஃபைல் சேமித்து வையுங்கள்: மழை, பனிக் காலத்துக்கு முழு ஓவர்கிளாக், வெயில் காலத்துக்கு வோல்டேஜ் இறக்கியது. சித்திரையில் ஒரு மதியம் 2 மணிக்கு சினிபெஞ்ச் என்ற பிராசஸர் சோதனை மென்பொருளை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். அதில் வேகம் குறையாமல் நின்றால், அந்த அமைப்பை வெயில் காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.